முதல் பூவைக் கிள்ளத் தயங்க வேண்டாம்

தை பிறந்ததும் வீட்டு வாசலில் நிற்கும் ஒட்டு மாங்கன்று பூக்கிறது. நட்டு ஒன்றரை வருடம்தான் ஆகியிருக்கும். உயரம் நான்கடி, தண்டு கட்டைவிரல் பருமன். சித்திரையில் அதில் ஐந்தாறு பங்கனப்பள்ளிக் காய்கள் தொங்கும்போது வீட்டாருக்குத் தலைகால் புரிவதில்லை. பக்கத்தில் பேத்தியை நிறுத்திப் படம் எடுத்து, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அடுத்த தையில் அந்தக் கன்று பூக்கவில்லை, துளிரும் விடவில்லை. இலைகள் வெளிறி, ஒரு பக்கக் கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது. "ஊர்க்கண்ணு பட்டுடுச்சு" என்று பாட்டி சொல்ல, கிளையில் ஒரு பழைய செருப்பு கட்டப்படுகிறது. தாம்பரம், திருவெறும்பூர், அவிநாசி என்று தமிழ்நாட்டின் எந்தப் புறநகர்த் தெருவிலும் காணக்கூடிய காட்சி இது.

அந்தக் கன்றைக் கெடுத்தது அது சுமந்த காய்தான்.

வீட்டில் பழமரம் வளர்க்கும் ஆசை கடந்த சில ஆண்டுகளில் நன்றாகவே பரவியிருக்கிறது. அரை கிரவுண்டு மனையில்கூட ஒரு மா, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை வைத்துவிட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் நர்சரியில் கன்றைக் கையில் எடுத்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி, "இது எப்ப காய்க்கும்?" என்பதாக இருக்கிறது. விற்பவரும் அந்தக் கேள்விக்கு ஏற்ற கன்றையே முன்வரிசையில் வைக்கிறார். பையில் இருக்கும்போதே பூத்த கன்று, இரண்டு பிஞ்சோடு நிற்கும் கன்று, இவைதான் முதலில் விலைபோகின்றன. கேட்க வேண்டிய கேள்வியோ வேறு: "இதை எத்தனை வருடம் காய்க்க விடாமல் வைத்திருக்க வேண்டும்?"

இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. மா சாகுபடிக்கான அதன் பரிந்துரையில், முதல் மூன்று ஆண்டுகள் பூக்க விடக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. கிருஷ்ணகிரியிலும் தேனியிலும் ஏக்கர் கணக்கில் மா வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வீட்டில் ஒரே ஒரு கன்று வைத்திருப்பவருக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

ஒட்டுக்கன்று ஏன் இத்தனை அவசரமாகப் பூக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக விளங்கும். கொட்டை போட்டு முளைத்த மாங்கன்று பூக்க ஆறேழு ஆண்டுகள், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். அதுவரை அதற்குப் பூக்கும் பக்குவமே வராது. ஒட்டுக்கன்றின் கதை வேறு. கீழே இருக்கும் வேர், சென்ற வருடம் முளைத்த கொட்டையுடையது. மேலே ஒட்டப்பட்ட குச்சியோ, பல ஆண்டுகள் காய்த்த தாய்மரத்தின் கிளையிலிருந்து வெட்டியது. அந்தக் குச்சி தன் முதிர்ச்சியை மறப்பதில்லை. பூக்கும் பருவம் வந்தால், தாய்மரத்தில் இருந்திருந்தால் எப்படிப் பூக்குமோ அப்படியே இங்கும் பூத்துவிடுகிறது. முதிர்ந்த தலைக்கும் இளைய வேருக்கும் இடையில் இருக்கும் இந்தப் பொருத்தமின்மையைச் சரிக்கட்ட வேண்டியவர் வளர்ப்பவர். வேர் ஆழமாக இறங்கி, தண்டு பருத்து, கிளைகள் ஒரு வடிவத்துக்கு வரும்வரை பூவைத் தள்ளிப்போட வேண்டும்.

இலைகள் உண்டாக்கும் சர்க்கரைதான் மரத்தின் மொத்த வருமானம். வேர், தண்டு, துளிர், காய் என்று அதற்குப் பங்குதாரர்கள் பலர். இவர்களில் காயின் இழுப்புக்கு முன்னால் மற்ற யாரும் நிற்க முடியாது. காய் பருக்கத் தொடங்கிவிட்டால் புது வேர் விடுவது மந்தமாகிறது, புதுத் துளிர் நின்றுபோகிறது. ஆப்பிள் தோட்டங்களில் ஒரு பழம் நன்றாக விளைய முப்பது, நாற்பது இலைகள் உழைக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நம் வாசலில் நிற்கும் மாங்கன்றில் மொத்தமே எத்தனை இலை என்று எண்ணிப் பார்க்கலாம். நூறு இலை உள்ள கன்றில் ஆறு காய் நின்றால், வேருக்கும் தண்டுக்கும் எதுவும் மிஞ்சாது. பெரிய மரத்துக்குத் தண்டிலும் வேரிலும் பழைய சேமிப்பு உண்டு. இளங்கன்றுக்கு அது கிடையாது.

இதன் விளைவு அந்த ஒரு பருவத்தோடு முடிவதில்லை. அல்போன்சா, தசேரி போன்ற இனங்கள் ஒரு வருடம் அமோகமாகக் காய்த்தால் மறுவருடம் ஓய்வெடுக்கும் குணம் கொண்டவை. வளர்ந்த மரத்துக்கு அது ஓர் ஆண்டு விளைச்சல் இழப்பு. இளங்கன்றுக்கோ ஓர் ஆண்டு வளர்ச்சி இழப்பு. இரண்டாம் ஆண்டில் விட வேண்டிய கிளைகளை விடாத மரம், ஐந்தாம் ஆண்டிலும் குட்டையாக, ஒருபக்கம் சாய்ந்து, பத்துக் காய்க்கு மேல் தாங்க முடியாததாக நிற்கும். முதல் இரண்டு பருவத்தில் சாப்பிட்ட பத்துப் பழத்துக்கு, பிறகு வர வேண்டிய நூற்றுக்கணக்கான பழத்தைக் கொடுத்திருக்கிறோம்.

இத்தனையும் சொன்ன பிறகும் பூவைக் கிள்ளக் கை வருவதில்லை. பூவையும் பிஞ்சையும் பறிப்பது பாவம் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியது. முதல் காய் குலசாமிக்கு என்று நேர்ந்துகொண்டவர்களும் உண்டு. இந்த உணர்வைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. செடியை உயிராகப் பார்க்கும் மனசிலிருந்து வருவது அது. ஆனால் இதே வீடுகளில் முருங்கைக்கு என்ன செய்கிறோம்? பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கையை விதைத்து இரண்டு மாதத்தில், 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும், நுனியைக் கிள்ளிவிடுகிறோம். கிள்ளாவிட்டால் ஒற்றைக் குச்சியாக வானத்துக்குப் போய்விடும், கிள்ளினால் பக்கக் கிளை வெடித்துக் காய் கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். மதுரைப் பக்கம் மல்லிகை வைத்திருப்பவர்கள் கார்த்திகையில் செடியை அரைவாசிக்கு வெட்டித்தள்ளுகிறார்கள். வெட்டிய செடிதான் பங்குனியில் பூத்துக் குலுங்குகிறது. கவாத்தும் கிள்ளலும் நம் விவசாயத்துக்குப் புதிதல்ல. ஆசையாய் வாங்கி வைத்த ஒற்றைப் பழக்கன்று என்று வரும்போது மட்டும் கை நடுங்குகிறது.

அதுவும் தவிர, கிள்ளிய பிஞ்சு வீணாவதில்லை. நம் சமையலறையைப் போலப் பிஞ்சை மதிக்கத் தெரிந்த சமையலறை குறைவு. மாசி, பங்குனியில் கோலிகுண்டு அளவில் பறித்த மாவடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பும் மிளகாய்த்தூளும் கடுகுப்பொடியும் போட்டு ஜாடியில் குலுக்கி வைத்தால், ஆடி வரைக்கும் தயிர்சாதத்துக்குத் துணை இருக்கும். பலா மூசைத் தோல் சீவி வேகவைத்து உதிர்த்துப் பொரியல் செய்யாத செட்டிநாட்டு வீடு உண்டா? பலாப் பிஞ்சில் கோலா உருண்டையும் குருமாவும் செய்கிறார்கள். வளர்ந்த மரத்தில் காயைக் குறைக்கும்போது கிடைக்கும் பிஞ்சுகளுக்கு எல்லாம் வீட்டில் வழி இருக்கிறது.

பலாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். வியட்நாம் சூப்பர் ஏர்லி என்ற பெயரில் விற்கப்படும் ஒட்டுப்பலா இன்று நர்சரிகளில் சக்கைப்போடு போடுகிறது. நட்ட இரண்டாம் ஆண்டிலேயே காய்க்கும் என்பதுதான் அதன் விளம்பரம். அது பொய்யும் அல்ல. பலா ஏன் தண்டிலும் அடிக்கிளையிலும் காய்க்கிறது என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பல கிலோ எடையுள்ள பழத்தை நுனிக்கிளை தாங்காது. அதனால் மரம் தன்னிடம் உள்ளதிலேயே பருத்த பாகத்தில் காயை வைக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முதிர்ந்த பலாமரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அடிமரத்தின் அகலம் தெரியும். இரண்டு வயது ஒட்டுக்கன்றிலோ பருத்த பாகம் என்பதே மணிக்கட்டு அளவுதான். அதில் மூன்று நான்கு காய் பிடித்து, ஒவ்வொன்றும் ஐந்து கிலோவைத் தாண்டும்போது, கன்று எதைத் தாங்கும்? காய் தரையில் உட்கார்ந்துகொள்கிறது, தரையில் பட்ட பக்கம் அழுகுகிறது, கரையானும் ஏறுகிறது. பல வீடுகளில் அறுவடை முடிந்த கையோடு மரமே பட்டுப்போகிறது.

இந்த ரகத்தை வைத்திருப்பவர்கள் முதல் இரண்டு பருவத்தில் வரும் பெண் பூங்கதிர்களைச் சிறு மூசாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். மூன்றாம் பருவத்தில் தண்டின் அடிப்பகுதியில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. காய் இரண்டு கிலோவைத் தாண்டும்போதே பழைய சணல் சாக்கையோ வலைப்பையையோ தொட்டில் கட்டி, அந்தத் தொட்டிலின் கயிற்றைக் கன்றில் கட்டாமல் பக்கத்தில் ஊன்றிய கம்பத்தில் கட்ட வேண்டும். மெலிந்த கதிர்கள் கறுத்துப் பூஞ்சை பிடித்து உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஆண் கதிர்கள்; மகரந்தம் உதிர்த்ததும் அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது.

நெல்லி இன்னொரு விதம். என்.ஏ. 7 என்ற பெருநெல்லி ரகம் காய்ப்பதில் பேர்போனது; காயின் பாரத்தில் கிளை முறிவதிலும் அதே அளவு பேர்போனது. நெல்லி மரத்தின் கட்டை நொறுங்கும் தன்மை கொண்டது. அதிலும் இரண்டு கிளைகள் ஒட்டி ஒட்டிக் குறுகலான கவையாகப் பிரிந்திருந்தால், பாரம் ஏறும்போது அந்தக் கவையே பிளந்து அடிமரம் வரை கிழித்துக்கொண்டு வரும். கன்றாக இருக்கும்போதே, தரையிலிருந்து இரண்டரை அடிக்கு மேல் நான்கு திசைக்கும் அகலமாகப் பிரியும் நான்கு கிளைகளைத் தேர்ந்து வைத்து, மற்றதை எடுத்துவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு நீங்கும். அந்த வேலைக்குத்தான் முதல் மூன்று வருடம்.

எல்லா மரத்துக்கும் ஒரே விதி என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் பப்பாளி, கொய்யா, எலுமிச்சை அடங்கிய பழச்செடித் தொகுப்பை வீடுகளுக்குக் கொடுக்கிறது. ஒரே பையில் வரும் அந்த மூன்று செடிக்கும் மூன்று குணம். பப்பாளியின் பயனுள்ள ஆயுளே இரண்டு, இரண்டரை ஆண்டுதான். அதைக் காய்க்க விடாமல் காத்திருப்பதில் அர்த்தமில்லை. நெருக்கியடித்துக்கொண்டு வளைந்து வரும் காயை மட்டும் இளசிலேயே எடுத்துக் கூட்டு வைத்துவிடலாம், மற்றது தாராளமாகப் பருக்கும். கொய்யாவுக்குப் பெரும்பாலும் பதியன் கன்றுதான் கிடைக்கிறது. பதியனுக்கு ஆணிவேர் கிடையாது; பக்கவேர் நாலாபுறமும் பரவும் முன் காய் ஏறினால், ஆடிக்காற்றில் அப்படியே சாய்ந்துவிடும். ஒரு வருடமாவது பூவை எடுக்க வேண்டும். கொய்யா புதுத் துளிரில் பூப்பது என்பதால், கிளை நுனியை வெட்டிவிட்டால் போதும், பூவும் போகும், கிளையும் கூடும். விதைக்கன்று எலுமிச்சை மூன்று நான்கு வருடம் ஆனபிறகே பூக்கும். அதற்கு யாரும் தடைபோட வேண்டியதில்லை. பதியன் அல்லது மொட்டுக்கட்டிய எலுமிச்சை பையிலேயே பூத்து நிற்கும். அதற்கு முதல் இரண்டு வருடம் கத்தரி தேவை. இந்த விவரத்தை அந்தத் தொகுப்போடு ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தால், அரசு செலவழிக்கும் பணம் பல மடங்கு பலன் தரும்.

மாதுளைக்குக் காய் பாரத்தைவிடத் தண்ணீர்தான் பெரிய சிக்கல். காயவிட்டுக் காயவிட்டுத் திடீரென்று நிறையப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். எலுமிச்சையும் அப்படித்தான்.

சரி, பூவை எப்படி எடுப்பது? மாவைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். ஒரு பூங்கொத்தில் ஆயிரம் முதல் சில ஆயிரம் பூக்கள் இருக்கும். பெரும்பாலானவை ஆண் பூக்கள். மிஞ்சியவற்றிலும் காயாகி நிலைப்பது நூற்றில் ஒன்றுகூட இல்லை. மரமே பட்டாணி அளவில் ஒரு தடவை, கோலி அளவில் ஒரு தடவை பிஞ்சை உதிர்க்கும். பனி விலகாத நாளில் பூங்கொத்தை வெட்டினால், கீழே உள்ள இலைக்கக்கங்களிலிருந்து மறுபடியும் பூங்கொத்து கிளம்பக்கூடும். கன்றுக்கு இரட்டைச் செலவு. வெயில் ஏறி, பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும் வெட்டினால் அந்த இடத்தில் அநேகமாகத் துளிர்தான் வரும். கொத்தின் அடிக்காம்பைக் கவாத்துக் கத்தரியால் நறுக்கென்று வெட்ட வேண்டும். அதற்குக் கீழே சுற்றிலும் இருக்கும் இலைகளில் ஒன்றுகூடப் போகக் கூடாது. அடுத்த துளிருக்குச் சாப்பாடு போடப்போவது அந்த இலைகள். கையால் பிடித்து இழுத்தால் பட்டை உரியும், அந்தக் காயத்தின் வழியே நுனி காய்தல் நோய் இறங்கும். வெட்டும்போது பீச்சும் பால் முகத்திலோ கண்ணிலோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் ஆண்டிலிருந்து காய்க்க விடலாம். அப்போதும் ஒரு கொத்துக்கு ஒரு காய். தண்டுக்கு அருகில், பருத்த கிளையில் இருக்கும் காயை வைத்துக்கொண்டு, நுனியில் இருப்பதை வடுவாக எடுத்துவிட வேண்டும். நுனியில் தொங்கும் கால் கிலோ, அடியில் தொங்கும் ஒரு கிலோவைவிட அதிகமாகக் கிளையை வளைக்கும். அம்ரபாலி போன்ற குட்டை ரகங்கள் சிறிய மனைக்குத் தோதானவை, வருடம் தவறாமல் காய்ப்பவை. ஆனால் கொத்துக் கொத்தாகக் காய்த்து, குறைக்காமல் விட்டால் பழம் சிறுத்துப்போகும். பாதியை எடுத்தால் மீதி பாதி பருத்து வரும். குலசாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் மூன்றாம் வருடத்தில் ஒரே ஒரு காயை விட்டுவைக்கலாம். அதனால் கன்றுக்குப் பெரிய கேடு வந்துவிடாது. நர்சரியில் இமாம்பசந்த் என்று சொல்லிக் கொடுத்தது இமாம்பசந்த்தானா என்றும் அந்த ஒரு பழத்தில் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே அளவுக்கு மீறிக் காய்த்து நிற்கும் கன்றை என்ன செய்வது? காய் எலுமிச்சை அளவுக்கு மேல் போயிருந்தாலும் பரவாயில்லை, பாதியைப் பறித்துவிட வேண்டும். இத்தனை நாள் விட்டாயிற்று, இன்னும் இரண்டு மாதம்தானே என்று நினைப்பது தவறு. காய் எடை கூடுவதும், சர்க்கரை ஏறுவதும், கோடை மழையோடு சூறைக்காற்று வீசுவதும் அந்தக் கடைசி இரண்டு மாதத்தில்தான். மீதியுள்ள காய்க்கு முட்டுக் கொடுக்கலாம். கிராமத்தில் இதற்குக் கவைக்கம்பு என்று ஒன்று வைத்திருப்பார்கள். நுனியில் இயற்கையாகவே இரண்டாகப் பிரிந்த கம்பு அது. புங்கையிலும் வேம்பிலும் தேடினால் கிடைக்கும். கவையில் பழைய சேலைத் துணியைச் சுற்றி, கிளையின் நடுப்பாகத்தில் கொடுத்து, கம்பின் அடியைச் சாய்வாக மண்ணில் ஊன்ற வேண்டும். கம்பியும் நைலான் கயிறும் வேண்டவே வேண்டாம். கிளை பருக்கும்போது அவை பட்டைக்குள் புதைந்து, இலையிலிருந்து கீழே இறங்கும் உணவோட்டத்தை அறுத்துவிடும். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி, கம்புக்கும் தண்டுக்கும் இடையே எட்டுப் போட்டுக் கட்டினால் இறுகாமல் பிடித்துக்கொள்ளும்.

அறுவடை முடிந்ததும் முட்டுக்கம்பை எடுத்துவிட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காற்றில் அசையும் தண்டுதான் பருக்கும். வருடம் முழுக்க இறுகக் கட்டி வைத்த கன்று உயரமாகப் போகுமே தவிர உறுதி பெறாது. கட்டை அவிழ்த்த அன்றே வளைந்துவிடும். பாரத்தில் வளைந்த கிளையும் தானாக நிமிராது. முதிர்ந்த கட்டை எந்த வளைவில் இறுகியதோ அந்த வளைவிலேயே நின்றுவிடும். அதைப் பின்னால் ஒரு நல்ல மொட்டு வரை வெட்டிவிடுவதே நல்லது. முறிந்த கிளை என்றால் பிசிறில்லாமல் வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும்.

தண்ணீரும் எருவும் பற்றி ஒரு சில வார்த்தை. தண்டின் அடியிலேயே குடம் குடமாகக் கொட்டுவது நம் பழக்கம். உறிஞ்சும் வேர் அங்கே இல்லை. உச்சி வெயிலில் கன்றின் நிழல் எங்கே முடிகிறதோ அந்த வட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே பாத்தி கட்டி, தண்டைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் உயர்த்தி விட வேண்டும். ஒட்டுப்போட்ட இடம் எப்போதும் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை வளரவிட்டால் பங்கனப்பள்ளி போய் நாட்டு மா மிஞ்சும். வட்டப்பாத்தியில் காய்ந்த இலை, தேங்காய் மட்டை, கரும்புச் சக்கை என்று கிடைத்ததைப் பரப்பி மூடாக்குப் போட்டால் சித்திரை வெயிலிலும் மண் குளிர்ந்திருக்கும். முதல் வருடக் கன்றுக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் பரிந்துரைக்கப்படுகிறது. ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போய் ஆறாம் ஆண்டில் 50 கிலோ. காய்த்து ஓய்ந்த மரத்துக்கு, கடைசிக் காயைப் பறித்த அடுத்த மழையிலேயே எரு போட வேண்டும். பூக்கும் நேரத்தில் போடும் எரு தாமதமாக வந்த எரு.

பூக்காத மாமரத்தைப் பூக்கவைக்கக் கல்டார் என்ற பெயரில் கிடைக்கும் பேக்லோபியூட்ரசால் மருந்தைத் தோட்டக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். மரத்தின் வளர்ச்சி ஊக்கியைத் தடுத்து, துளிருக்குப் பதில் பூவைக் கொண்டுவரும் மருந்து அது. வளர்ந்த மரத்துக்கு, அளவோடு, தெரிந்தவர் கையால் என்றால் அதற்கு ஓர் இடம் இருக்கலாம். வளர்ச்சியே தேவையாக இருக்கும் இளங்கன்றுக்கு அதை ஊற்றுவது கொடுமை. மாடித்தோட்டத்தில் இருபது லிட்டர் வாளியில் வைத்த கன்றுக்கு இன்னும் மோசம். வேர் சுருண்டு நெருக்கடியில் இருக்கும் கன்று, எந்த மருந்தும் இல்லாமலே நிறையப் பூக்கும். அந்தப் பூவைச் செழிப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேர் இடம் கேட்கிறது என்று புரிந்துகொண்டு பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

நர்சரி நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூரிலிருந்தும் ஆந்திரத்தின் கடியத்திலிருந்தும் லாரி லாரியாக ஒட்டுக்கன்றுகள் தமிழ்நாடு முழுக்கப் போகின்றன. கன்றின் கழுத்தில் ரகத்தின் பெயர் எழுதிய அட்டை ஒன்று தொங்குகிறது. அதே அட்டையில் "இத்தனை வருடம் பூவை எடுக்கவும்" என்று ஒரு வரி சேர்க்கக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. காயோடு கன்றை விற்பதைத் தவிர்ப்பது இன்னும் நல்லது. அப்படி விற்பது வாங்குபவரின் ஆசையைத் தூண்டுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் காயைப் பறிக்காமல் நட்டுவிட்டு, புது மண்ணில் வேர் பிடிக்க முடியாமல் கன்று பட்டுப்போனால், அந்த வாடிக்கையாளர் மறுபடி பழமரம் பக்கமே வரமாட்டார். தோட்டக்கலைத் துறையும் தன் பண்ணைகளில் விற்கும் கன்றுகளிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

சென்ற ஆடியிலோ ஐப்பசியிலோ ஒட்டுக்கன்று நட்டவர்கள் இந்த வாரம் ஒரு முறை அதன் அருகே போய் நின்று பாருங்கள். காயோ பிஞ்சோ இருந்தால் எடுத்துவிடுங்கள், முட்டு இறுகியிருந்தால் தளர்த்துங்கள், பாத்தியைத் தண்டிலிருந்து தள்ளிப் போடுங்கள். தை, மாசியில் பூங்கொத்து தலைகாட்டினால், பிஞ்சு பட்டாணி அளவுக்கு வரும்வரை பொறுத்து, கத்தரியை எடுங்கள்.